கார் போர்ச்சில் கட்டலாம் ஒரு டியர்டிராப் டிரெய்லர்: மழைக்கும் வெக்கைக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

டியர்டிராப் டிரெய்லர் என்பது முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் சின்ன மரப்பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. நின்று நடமாட இடம் கிடையாது. அதனால்தான் எடையும் குறைவு, காற்றுத் தடையும் குறைவு. 1930களில் அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைகளில் பரவிய வடிவம் இது. பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி அளவில் வருவதால் பெட்டியும் பெரும்பாலும் அதே அளவில்தான் அமைகிறது.

அந்த நாட்டுப் பிளான்கள் குளிருக்குப் போட்டவை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நமக்குக் குளிர் பிரச்சினையே இல்லை. பகல் முழுக்க வெயில், நாலு மணிக்கு இடியோடு மழை, ராத்திரி காற்றே அசையாத புழுக்கம். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே கேள்விகளைக் கேட்கப் போகிறோம்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்? சூடான காற்று எந்த வழியாக வெளியே போகும்? தச்சு வேலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் கட்டிய பெட்டி நம் ஊரில் நிலைக்காது.

முதலில் காகிதம், அப்புறம் கார்

பலகை வாங்குவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) கவுண்டருக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல் சாலையில் இழுக்க முடியாது. நீளம், அகலம், உயரம், அச்சு, விளக்கு எல்லாம் குறித்த ஒரு வரைபடத்தைக் கையில் கொண்டு போய், என்ன அங்கீகாரம் வேண்டும், எந்தப் பரிசோதனைக்குக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேசிஸை மட்டும் அங்கீகாரம் உள்ள டிரெய்லர் தயாரிப்பாளரிடம் வாங்கி, மேலே உள்ள மரப்பெட்டியை நீங்கள் கட்டுவது என் பார்வையில் நல்ல வழி. பிரேக், அச்சு, இணைப்பு எல்லாம் உயிர் சம்பந்தப்பட்டவை. அவற்றில் வீட்டு வேலை வேண்டாம்.

காரின் கையேட்டில் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று பாருங்கள். இழுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள், பெங்கேலில் (கார் பட்டறையில்) டோ பார் என்ற இழுப்புக் கம்பி மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சரி. கவனமாகக் கட்டினால் பெட்டி காலியாக 350 கிலோ வாக்கில் நிற்கும். தண்ணீர், ஐஸ் பெட்டி, கேஸ், துணிமணி ஏற்றினால் 450ஐத் தொடும்.

சேசிஸும் அச்சு நிற்கும் இடமும்

50 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 3 மி.மீ. தடிப்பு, வெல்டிங் முடிந்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது: இப்படிக் கேளுங்கள். வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு நம் ஈரத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குழாய்க்குள் இருக்கும் ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் டார்ஷன் அச்சு சின்ன டிரெய்லருக்கு மிகவும் பொருத்தம். லீஃப் ஸ்பிரிங் போல உயரம் பிடிக்காது, சத்தமும் குறைவு. செம்மண் சாலையில் தோட்டத்துக்குள்ளே போகிற ஆளாக இருந்தால் டயரைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து அடிப்பகுதியை உயர்த்திக்கொள்ளுங்கள்.

அச்சை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையின் மிக முக்கியமான முடிவு. காரின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இணைப்புப் பந்தின் மேல் இறங்கும் எடை மொத்த எடையில் 10 சதவிகிதம் வாக்கில் இருக்க வேண்டும். 450 கிலோ டிரெய்லர் என்றால் 45 கிலோ. இது ரொம்பக் குறைந்தால் டிரெய்லரின் பின்புறம் கனத்து, வேகம் ஏற ஏற வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். நெடுஞ்சாலையில் ஒரு லோரி பக்கத்தில் கடந்து போகும் காற்றே அந்த ஆட்டத்தைத் தொடங்கிவிடப் போதும். டியர்டிராப்பில் சமையல் பக்கம் பின்னால் இருப்பதால் இந்த ஆபத்து கூடுதல்.

எனவே அச்சின் பிராக்கெட்டை வெல்டு செய்யாமல் போல்ட் போட்டு நகர்த்தும்படி கேளுங்கள். பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் வாக்கில் தொடங்கலாம். எல்லா வேலையும் முடிந்து, சாமான்களும் ஏற்றிய பிறகு, சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்முனையை ஒரு மரக்கட்டையில் தாங்க வைத்து, அந்தக் கட்டையைக் குளியலறை எடைக் கருவியின் மேல் நிறுத்துங்கள். முன்முனை காரின் பந்து இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். கருவி 25 கிலோ காட்டினால் அச்சைப் பின்னால் தள்ளுங்கள், 70 காட்டினால் முன்னால் இழுங்கள். சரியான எண் வந்த பிறகுதான் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும்.

மரம்

பலகைக் கடையில் பிளைவுட் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் கான்கிரீட் ஷட்டருக்குப் போகிற ரகம். அது வேண்டாம். பிஎஸ் 1088 தர மரீன் பிளைவுட் கிடைத்தால் சுவருக்கும் தரைக்கும் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் டபிள்யூபிபி பசை (மழையும் கொதிநீரும் தாங்கும் ரகம்) போட்ட மெராந்தி பிளைவுட். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்: நடு அடுக்குகளில் ஓட்டை தெரிந்தால் அந்த ஓட்டையில் நாளைக்குத் தண்ணீர் நிற்கும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வெட்டி வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் கடையை மாற்றுங்கள்.

சட்டங்களுக்கு மெராந்தி போதும். செங்கால், பாலாவ் எல்லாம் அருமையான மரங்கள்தான், ஆனால் டிரெய்லருக்குக் கனம் அதிகம். நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் பால் மர (ரப்பர் மர) பலகையையும் பலர் கேட்பார்கள். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்திலிருந்துதான் நாட்டின் மேசை நாற்காலிகளில் பெரும்பகுதி வருகிறது. பார்க்கவும் அழகு, இழைப்புளிக்கும் இணங்கும். ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும் மரம் அது. போரான் மருந்து ஏற்றிய பலகையாக வாங்கி, உள்ளே இருக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் சமையல் மேடைக்கும் மட்டும் வையுங்கள். தோட்டத்தில் வளர்ந்த குடும்பத்துக்கு அந்த மேடையில் சமைப்பது தனி நிறைவுதான்.

வாங்க வேண்டிய பலகைகள் ஏறத்தாழ இவை: சுவருக்கு 18 மி.மீ. இரண்டு, தரைக்கும் நடுத் தடுப்புக்கும் 12 மி.மீ. இரண்டு, கூரைக்கும் உள்விதானத்துக்கும் 3 மி.மீ. ஆறு, அலமாரிக்கு 9 மி.மீ. இரண்டு. ஸ்குரு எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். பசை, டைட்பாண்ட் 3 போல தண்ணீர் தாங்கும் ரகம்.

தரை

தரையின் அகலத்தை 1,220 மி.மீ. முழுப் பலகையாக விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். சுவர் இரண்டும் தரையின் பக்கவாட்டில் ஒட்டி நிற்பதால் வெளி அகலம் 1,256 ஆகிவிடும். 1,220 அகலக் கூரைப் பலகை அதை மூடாது. சுவரின் மேல்விளிம்பு திறந்தே கிடக்கும், தண்ணீருக்கு அதுதான் முதல் வாசல். தரையை 1,184க்கு அறுங்கள். இருபுறமும் 18 சேர்த்தால் சரியாக 1,220. கூரைப் பலகை சுவர் விளிம்பை முழுதாக மூடிவிடும்.

பலகையின் கீழ் 25க்கு 50 மி.மீ. சட்டங்களை ஒட்டி, அடிப்புறம் முழுவதும் தார் கலந்த கறுப்புப் பூச்சு மூன்று கை அடியுங்கள். போல்ட் துளைகளை முதலிலேயே துளைத்து, துளையின் உட்சுவரிலும் எபோக்சி (இரண்டு பாகம் கலந்து பூசினால் இறுகும் பிசின்) தடவிய பிறகுதான் சேசிஸில் எம்8 போல்ட்டால் பொருத்த வேண்டும். அடிப்பூச்சைப் பெட்டி ஏறிய பிறகு அடிக்க முடியாது, இப்போதே செய்தாக வேண்டும். அடியில் வெப்பத்தடுப்பு தேவையில்லை.

பக்கச் சுவர்

வளைவை வரைய ஒரு ஹார்டுபோர்டு பலகையில் ஆறேழு ஆணி அடித்து, மின்கம்பி போகும் மெல்லிய பிவிசி குழாயை அவற்றின் மேல் வளைத்துப் பிடியுங்கள். குழாய் இயல்பாக எடுக்கும் வளைவு கண்ணுக்கும் அழகாக இருக்கும், கூரைப் பலகையும் அதே வழியில் இணங்கும். முன்வளைவின் ஆரம் 600 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிதாக்கினால் பலகையை வளைப்பது கஷ்டமாகும், முறியும் ஆபத்தும் கூடும்.

ஹார்டுபோர்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சின்னக் கோணல் தூரத்தில்தான் தெரியும். அது திருப்தியானதும் அதை முதல் சுவர்ப் பலகையின் மேல் வைத்து வரைந்து ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே அறுத்து, ரூட்டரில் பேரிங் வைத்த பிளேடு போட்டு ஹார்டுபோர்டு விளிம்போடு ஒட்டி வெட்டுங்கள். இரண்டாவது சுவரை முதல் சுவரோடு கிளாம்ப் போட்டு அதே போல வெட்ட வேண்டும். இரண்டும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருந்தால் பின்கதவு பொருத்தும் நாளில் அதன் பலன் தெரியும்.

கதவு இடப்பக்கம் கட்டாயம். சாலையில் நிறுத்தும்போது ஓரத்தில் இறங்கலாம். வலப்பக்கமும் ஒன்று இருந்தால் காற்றோட்டத்துக்கு நல்லது. கதவின் மூலைகளை உருட்டி வெட்டுங்கள், சதுர மூலையில் விரிசல் தொடங்கும். அறுத்த துண்டையே கதவாக்கலாம். சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி, ரப்பர் பட்டை, மேலே ஒரு சின்ன அலுமினிய மழைத்தாரை. இந்தத் தாரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூரையில் வழியும் தண்ணீர் முழுவதும் கதவு ரப்பரின் மேல் இறங்கினால் எந்த ரப்பரும் தாங்காது.

கூரை

இரண்டு சுவருக்கும் நடுவே 25க்கு 50 குறுக்குச் சட்டங்கள், 300 மி.மீ.க்கு ஒன்று, வளைவில் 150க்கு ஒன்று. மின்விசிறி வரும் இடத்தில் 355 மி.மீ. சதுரத் திறப்பு வேண்டும், அதைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் கொடுங்கள். முதலில் உள்விதானத்தை ஒட்டி, மின்கம்பிகளை இழுத்து, சட்டங்களுக்கு நடுவே சூட்டைத் தடுக்கும் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் அறுத்துச் சொருகுங்கள். கம்பி போகும் வழியைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

வெளிப்பலகை 6 மி.மீ. ஒன்று போடுவதைவிட 3 மி.மீ. இரண்டு போடுவது மேல். ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டினால் காய்ந்த பிறகு வளைவு தானாக நிற்கும். முரண்டு பிடித்தால் சுடுதண்ணீரில் நனைத்த துண்டை அரை மணி நேரம் போர்த்தி வையுங்கள், காய்ந்த பிறகே பசை. நீளத்தில் ஒரு பலகை போதாது. இணைப்பு ஒரு அகலமான சட்டத்தின் மேல் வரட்டும், இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது.

பின்கதவு

கை தேர்ந்த தச்சரும் யோசிக்கும் இடம் இது. 18 மி.மீ. பிளைவுட்டில் சுவரின் வளைவையே நகலெடுத்து நான்கு விலா எலும்புகள் வெட்டி, அவற்றைக் குறுக்குச் சட்டங்களால் சேர்த்து, மேலே 3 மி.மீ. இரண்டு அடுக்கு. கதவை அதன் இடத்திலேயே, சுவரோடு கிளாம்ப் போட்ட நிலையிலேயே ஒட்டிக் காயவிடுங்கள். அப்போதும் கிளாம்பை எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். இதற்காகவே விலாவின் வளைவைக் கீழ்முனையில் 5 மி.மீ. வாக்கில் உள்நோக்கி இறுக்கமாக வெட்டுகிறோம்.

மேலே கீல் இருக்கும் கோடு கூரையிலேயே மிகப் பலவீனமான இடம். அலுமினியத்தில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வரும் ஹரிகேன் கீல் என்ற நீளக் கீல் கிடைக்கிறது, விலை கூடத்தான். இருந்தும் வாங்குங்கள். சாதாரணப் பியானோ கீல் போட்டு மேலே ரப்பர் ஒட்டினால் நம் வெயிலில் அந்த ரப்பர் வெடித்துவிடும்.

திறந்த கதவைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் வாங்கக் கதவு முழுதாக முடியும் வரை காத்திருங்கள். கதவு 18 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து அரை மீட்டர் என்றால், 18 × 9.8 × 0.5, ஏறத்தாழ 88 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலிலிருந்து 0.2 மீட்டர் விலகியிருந்தால் 440 நியூட்டன் வேண்டும், பக்கத்துக்கு 220. கொஞ்சம் கூட்டி 250 வாங்கலாம்.

எபோக்சியும் மழையும்

நேரத்தை மிச்சப்படுத்தாமல் செய்ய வேண்டிய பகுதி இதுதான். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ இந்த வேலை வரும்படி திட்டமிடுங்கள்.

மரத்துக்குள் காற்று இருக்கிறது. காலையில் வெயில் ஏற ஏற அது விரிந்து வெளியே வரும், பூசிய எபோக்சியில் குமிழி குமிழியாக நிற்கும். சூடு இறங்கும் நேரத்தில், அதாவது மாலை ஐந்து மணிக்கு மேல் பூசினால் மரம் எபோக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவையைக் குவளையில் வைத்திருக்காமல் தட்டையான தட்டில் ஊற்றுங்கள். நம் சூட்டில் குவளைக்குள்ளேயே கொதித்துப் புகை வரும். விகிதத்தை டப்பாவில் உள்ளபடி அளந்து கலக்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. கையுறை, முகக் கவசம் இரண்டும் அவசியம்.

மறுநாள் காலையில் கையால் தடவினால் மெழுகு பூசியது போல வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். ஈரக்காற்றில் பல ரக எபோக்சிகள் இப்படிச் செய்யும். உப்புத்தாள் போட்டால் படலம் பரவத்தான் செய்யும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, துடைத்து, அப்புறம் தேயுங்கள். இதைச் செய்யாமல் அடித்த பெயிண்ட் ஓராண்டில் தோல் உரியும்.

பலகைகள் சந்திக்கும் எல்லா விளிம்பிலும் 75 மி.மீ. கண்ணாடியிழைப் பட்டை வைத்து எபோக்சியில் நனையுங்கள். கூரை முழுவதும் மூன்று கை. எபோக்சி வெயிலில் மஞ்சளாகி உதிரும், அதனால் மேலே பெயிண்ட் கட்டாயம். கூரைக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்றால் பக்கச் சுவரில் புறஊதா தடுக்கும் வார்னிஷ் அடிக்கலாம், ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கத் தயாராக இருந்தால்.

காசு இடித்தால் இன்னொரு வழியும் உண்டு: பருத்தி கேன்வாஸ் துணியைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையில் கூரைமேல் ஒட்டி, மேலே வெளிச்சுவர் அக்ரிலிக் பெயிண்ட் பல கை அடிப்பது. மலிவு, நாற்றமில்லை, கிழிந்தால் ஒட்டுப்போடலாம். அலுமினியத் தகடு போடுபவர்கள் அதை முழுக்க ஒட்டிவிடக் கூடாது. 2.4 மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும், ஒட்டியிருந்தால் அலை அலையாக எழும்பும். விளிம்புகளை மட்டும் அலுமினிய எல் பட்டையால் அழுத்திப் பிடியுங்கள். பட்டைக்கு அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான பியூட்டைல் டேப் வையுங்கள். சிலிக்கான் வேண்டாம், அது ஒருமுறை பட்ட இடத்தில் பெயிண்டும் பிடிக்காது, வேறு எதுவும் ஒட்டாது.

காற்றும் கரண்டும்

மூடிய பெட்டியில் இரண்டு பேர் படுக்கும் இடம் இது. கூரையில் 12 வோல்ட் விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளட்டும். கதவு ஜன்னலையும், கால்மாட்டில் தாழ்வாக ஒரு வலைத்துளையையும் திறந்து வையுங்கள். கீழிருந்து மேலே காற்று ஓடும். சாதாரணக் கொசுவலை வழியாக ஆற்றங்கரை அகாஸ் பூச்சி (கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சி) தாராளமாகப் புகுந்துவிடும். கண் நுணுக்கமான வலையாக வாங்குங்கள்.

விசிறி 2 ஆம்பியர் எடுத்தால் பத்து மணி நேரத்துக்கு 20 ஆம்பியர் மணி. எல்இடி விளக்கு, போன் சார்ஜ் சேர்த்தாலும் 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மூன்று ராத்திரிக்குத் தாராளம். பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பியில், முனையத்துக்கு மிக அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். சாலை விளக்குகளுக்கான ஏழு முனை இணைப்பை இதோடு கலக்காதீர்கள்.

சமையல் பக்கம்

மேடை தரையிலிருந்து 850 முதல் 900 மி.மீ. உயரம். அடுப்பை இழுப்புச் சட்டத்தில் வைத்து வெளியே இழுத்துச் சமைக்கும்படி செய்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை கதவின் உட்புறத்தில் படியாது. படுக்கும் அறைக்குள் எந்தக் காரணத்துக்கும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கரியமில வாயுவைவிட மோசமான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. டப்பா கேஸை வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். தோசைக்கல், அம்மிக்கல் மாதிரி கனமான சாமான்கள் அச்சுக்கு மேலே தாழ்வாகப் போகட்டும்.

முதல் ஓட்டம்

தோட்டக்குழாயைக் கீழிருந்து மேலாகப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்றே தெரியாது.

முதல் பயணம் கிட்டத்திலேயே, கோலக்கங்சார் வரை போய்த் திரும்புவது போதும். 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்குங்கள், புது சக்கரத்தில் அவை தளரும். தெலுக் பாத்தேக் கடற்கரை, லாத்தா கிஞ்சாங் அருவி எல்லாம் அடுத்த கட்டம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுவதை நன்றாகப் பழகிய பிறகு வையுங்கள்; ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. குறைந்த கியரில் இறங்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

வீட்டில் நிறுத்தும்போது சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள், மண்ணில் நின்றால் முட்டுக்கட்டை வழியாகக் கரையான் ஏறும். மெத்தையைச் சாய்த்து வைத்து, கூரைத் துளையைக் கொஞ்சம் திறந்து விட்டால் பூஞ்சை பிடிக்காது. ஆண்டுக்கு ஒருமுறை பேரிங் கிரீஸ் மாற்றுங்கள், பியூட்டைல் டேப் பிதுங்கிய இடங்களைப் பாருங்கள். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதையும் டிரெய்லர் கோப்பில் குறித்து வைத்து, ஆறு ஆண்டு ஆனதும் பள்ளம் பாக்கி இருந்தாலும் ஸ்பேர் உட்பட மூன்றையும் மாற்றிவிடுங்கள்.